ஆளில்லா நிலையம்

எங்கள் தருமபுரி அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பதுகளின் கடைசியில். அது வருவதற்கு முன்பே அதற்கென்று ஓர் அறையைக் குளிரூட்டி, வாசலில் செருப்பு விட ஒரு மரத்தட்டும் செய்துவைத்தோம். தூசி பட்டால் கெட்டுவிடும் என்று கையேட்டில் இருந்தது. தூசி செருப்போடு மட்டுமே வரும் என்பது எங்கள் பொறியாளரின் முடிவு. ஆகவே உள்ளே போகிறவர் கலெக்டரே ஆனாலும் வெறுங்காலோடுதான் போகவேண்டும். ஆயுதபூஜையன்று அதே கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அறைக்குள்ளேயே சாம்பிராணிப் புகை போட்டோம். புகையைப் பற்றிக் கையேட்டில் எதுவும் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வேலை. அரூரிலிருந்து சித்தேரி போகும் மலைச்சாலையில், பாதி ஏற்றத்தில், எங்களுடைய சின்ன டிவி மறுஒளிபரப்பு நிலையம் இருந்தது. ஓர் அறை, ஒரு கோபுரம், வானத்தைப் பார்த்தபடி ஒரு பெரிய தட்டு. செயற்கைக்கோளிலிருந்து வரும் நிகழ்ச்சியைத் தட்டு வாங்கும். அறைக்குள் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் அதைப் பெருக்கிக் கீழே உள்ள ஊர்களுக்கு அனுப்பும். காலையில் அதைச் சூடேற்றி ஆன் செய்ய வேண்டும், ஒளிபரப்பு முடிந்ததும் அணைக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தால் அது தானாக எழுந்திருக்காது. யாராவது முதலிலிருந்து எழுப்ப வேண்டும். இதையெல்லாம் தருமபுரியில் உட்கார்ந்தபடியே டெலிபோன் கம்பி வழியாகச் செய்துவிடலாம் என்பது திட்டம். இங்கே விசையை அமுக்கினால் அங்கே ஒரு பெட்டி கேட்டு நடக்கும். நடந்து முடிந்ததும் எங்கள் திரையில் பச்சை எழுத்தில் பதில் சொல்லும்.

திட்டம் பொறியாளருடையது. அவருக்குச் சென்னைக்கு மாற்றல் வேண்டியிருந்தது. அதற்கு ஒரு மந்திரியைத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதாவது சாதித்துக் காட்ட வேண்டும். மந்திரி யாரையும் அவருக்குத் தெரியாது.

நான் அவருக்குக் கீழே தொழில்நுட்ப உதவியாளன். இயற்பியலில் முதுகலை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது என் பொறுப்பு. விதிமுறைப் புத்தகங்களை மனப்பாடம் செய்துவைத்திருந்தது என் கெட்ட பழக்கம்.

மலை நிலையத்தில் ஒருவன் இருந்தான். அடிவாரத்து ஊர்க்காரன், தினக்கூலி. அலுவலகத்தில் எல்லோரும் அவனை ‘கேஷுவல்’ என்றே சொல்வோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாளைக்கு உரிமை கேட்பான் என்று ஒரு பயம். தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தரம் கோரலாம் என்று சட்டம் இருந்ததால், அந்த நாள்கணக்கு நிரம்புமுன் அவனை வீட்டுக்கு அனுப்பி, சில நாள் கழித்துப் புதிதாகச் சேர்த்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் அவன் புது ஆள். இப்படிப் பல வருஷமாகப் புது ஆளாகவே இருந்தான்.

அவன் ஒன்றும் அப்பாவி இல்லை. எந்த இயந்திரத்தையும் திறக்க அவனுக்கு அனுமதி கிடையாது; ஆனாலும் சட்டைப் பையில் ஒரு ஸ்குரூடிரைவர் வெளியே தெரியும்படி வைத்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை என்ன படம் என்று ஊரில் கேட்டால், அவனே தேர்ந்தெடுத்தது போல யோசித்துப் பதில் சொல்வான். கடையில் யாராவது அவனுக்கு முன்னால் சாமான் வாங்கிவிட்டால், “கட் பண்ணிப் போட்டுருவேன், பாத்துக்க” என்பான். ஒரு நாளும் கட் பண்ணியதில்லை. ஆனால் அந்த வாக்கியம் அடிவாரத்திலிருந்து அரூர் வரைக்கும் தெரியும். குழந்தைகள்கூட அதைச் சொல்லி விளையாடும்.

டெலிபோன் கம்பி மலையேறும் வழியெல்லாம் புளியமரம். காற்றடித்தால் கம்பி அறுந்தது. காற்றில்லாத நாளில் தாமிரத்துக்காக யாராவது அறுத்தார்கள். சோதனைக்காலம் முழுவதும் நான் இங்கே விசையை அமுக்கினேன்; அவன் அங்கே கடிகாரத்தைப் பார்த்துக் கையால் ஆன் செய்தான். எல்லாம் தொலைக்கட்டளை என்ற கணக்கில் சேர்ந்தது. “சோதனை பாஸ் ஆகட்டும், உன் பேரை நிரந்தரத்துக்கு மேல அனுப்பறேன்” என்று பொறியாளர் அவனிடம் சொல்லியிருந்தார். அதனால் அவன் ஒரு நிமிஷம்கூடத் தவறவில்லை. மேலே இருந்தவர்கள் அறிக்கையைப் பார்த்து அசந்துபோனார்கள். நேரில் பார்த்துச் சான்றளிக்கச் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

தகவல் வந்த வாரமே கம்பி மறுபடி அறுந்தது. அதிகாரி வரும் நாளுக்கு முந்தின நாள் பொறியாளர் என்னைச் சித்தேரி பஸ்ஸில் ஏற்றி மலைக்கு அனுப்பினார். என் வேலை, மலை நிலையத்துச் சுவர்க்கடிகாரத்தை என் கைக்கடிகாரத்தோடு ஒத்துவைப்பது.

“நாளைக்கு மதியம் ரெண்டு மணிக்கு ஆஃப். அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன். அவ்வளவுதான்,” என்றேன்.

“அப்ப கம்ப்யூட்டரு என்ன பண்ணுங்க சார்?”

“பாத்துக்கிட்டு இருக்கும்.”

“அதும் ஆபீசர்தானுங்களா?” என்று சிரித்தான்.

நிலையத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் அவனும் மனைவியும் இருந்தார்கள். அவள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவ விவசாயக் குடும்பம். ஞாயிறு காலையில் புராணத் தொடர் வர ஆரம்பித்ததிலிருந்து அவன் பூசைக்குப் போவதில்லை; அவள் மட்டும் அரூருக்குப் போய்வருவாள். 

“பங்குச் சாமியாரு கேக்கறாருங்க சார், உன் வூட்டுக்காரன் மதம் மாறிட்டானான்னு. நான் சொன்னன், இல்லீங் சாமி, ஊருக்கெல்லாம் சாமி காட்டறாரு, அவருக்குத்தான் பாக்க நேரமில்லைன்னு.”

அவள் முன்னாலேயே விதியைச் சொல்லிவிட்டேன். “சோதனை பாஸ் ஆனா இதுக்குப் பேரு ஆளில்லா நிலையம். ஆளில்லா நிலையத்துல ஆள் போட விதியில இடமில்லை. நிரந்தரமும் இல்லை, தினக்கூலியும் இல்லை.”

“சாரு வாயால சொல்லியிருக்காருங்க,” என்றான். அவன் சொன்னது பொறியாளரை.

“வாயால சொன்னதுக்கு ஃபைல் நம்பர் கிடையாது.”

“நாளைக்கு அமுக்காம வுட்டா என்னாவுங்க சார்?” என்று அவள் கேட்டாள்.

“சோதனை ஃபெயில். இவன் வேலை இருக்கும்.”

அவன் காபி டம்ளரைக் கீழே வைத்தான். “டேசன் என் கையில இருக்கையில படம் நிக்கறதா? அப்பறம் நான் ஊருக்குள்ள எப்பிடி நடக்கறதுங்க?” பிறகு என்னைப் பார்த்து, அனுதாபத்தோடு, “நீங்க எம்.எஸ்.சி. படிச்சவரு. நான் எட்டாவது ஃபெயிலு. நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே ஸ்டாஃபுன்னு ஆயிட்டா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமுங்க. எனக்குப் புரியுதுங்க சார்,” என்றான்.

“பொட்டி சொன்னாத்தான் நம்புவாரு இந்த மனுசன்,” என்று அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். நான் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் அதிகாரி மதியச் சாப்பாட்டை நன்றாகவே சாப்பிட்டார். ஆட்டுக்கறி இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். கட்டுப்பாட்டு அறை வாசலுக்கு அவர் வந்தபோது என் கைக்கடிகாரத்தில் இரண்டு அடிக்க ஒரு நிமிஷம் இருந்தது. அவர் நேராக உள்ளே வந்திருந்தால் சரியாக இருந்திருக்கும். செருப்புத் தட்டை மறந்துவிட்டோம். அவர் போட்டிருந்தது நாடா கட்டிய பூட்ஸ். வயிறு இடித்துக் குனிய முடியாமல் ஒரு காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தார்.

உள்ளே டிவியில், மலையிலிருந்து உயரமான ஆன்டெனா வழியாகப் புள்ளிபுள்ளியாக, கல்லூரி மாணவர்களுக்கான பாடம் ஓடிக்கொண்டிருந்தது. சரியாக இரண்டு மணிக்குப் பாடம் நின்றது. திரை இரைந்தது. அதிகாரி ஒரு பூட்ஸோடு நிமிர்ந்தார்.

“யார் ஆஃப் பண்ணது?”

யாரும் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இல்லை. பொறியாளர் கம்ப்யூட்டரைக் கை காட்டினார்.

“ஷெட்யூல் மோட் சார். நீங்க வர்ற நேரத்தை முன்னாடியே ஃபீட் பண்ணிட்டோம். சொல்லாமலே செய்யும்.”

அதிகாரி அடுத்த பூட்ஸை மறந்தார். “அப்போ ஆள் கையே தேவையில்லையா?”

“தேவையில்லை சார்.”

பொறியாளர் ஏற்கெனவே என்னைக் கம்ப்யூட்டரைப் பயிற்சி நிலையில் வைக்கச் சொல்லியிருந்தார். அந்த நிலையில் கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பச்சைப் பதில் வரும். புதிதாகச் சேர்ந்தவர்கள் பழகுவதற்காக வைத்திருந்த வசதி. அதிகாரி உட்கார்ந்து ஆள்காட்டி விரலால் ‘ஆன்’ கட்டளையை அமுக்கினார். ‘நிறைவேறியது’ என்று திரை பச்சையாகச் சொன்னது. டிவி இரைந்துகொண்டே இருந்தது.

“டிரான்ஸ்மிட்டர் வால்வு சூடாகணும் சார்,” என்றார் பொறியாளர். அது உண்மைதான்.

அவர் சூடேறும் விதத்தை விளக்க ஆரம்பித்தார். மிக நன்றாக விளக்கினார். எலெக்ட்ரான் எப்படிக் கிளம்புகிறது என்பதில் ஆரம்பித்து, பேச விஷயம் தீர்ந்துபோகும் நேரத்தில், நரைத்த பேராசிரியர் ஒருவர் பாதி வாக்கியத்தோடு திரைக்குத் திரும்பி வந்தார். அதிகாரி தன் விரலைப் பார்த்துக்கொண்டார். அன்று மாலையே சான்றளித்துவிட்டுப் புறப்பட்டார்.

கேஷுவலின் கடைசி நாள் வேலை ஒரு பலகை அடிப்பது. ‘ஆளில்லா நிலையம். அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்’ என்று எழுதி அரூரிலிருந்து வந்த தகரப் பலகையை அவனே ஏணி போட்டு ஏறி அடித்தான். ஏணியை அவன் மனைவி பிடித்திருந்தாள். சாவி வாங்கப் பொறியாளரோடு நானும் போயிருந்தேன்.

“நேரா இருக்குதுங்களா சார்?” என்று மேலேயிருந்து கேட்டான்.

“இடது பக்கம் கொஞ்சம் ஏத்து,” என்றார் பொறியாளர். இறங்கியதும் தோளில் தட்டினார். “உன்னாலதான்பா பாஸ் ஆச்சு.”

“என் பேரு போயிருச்சுங்களா சார்?”

“போயிருச்சு, போயிருச்சு. மேல இருந்து வரணும். அதுவரைக்கும் வூட்ல ரெஸ்ட் எடு.”

பெயர் போகவில்லை. பெயர்கள் அலுவலகத்திலிருந்து வெளியே போகும் வழி என் மேஜை. தகரக் கொட்டகையை அந்த வாரமே பிரித்துவிட்டார்கள்.

சில வாரம் எல்லாம் நன்றாக நடந்தது. காற்றில்லாத பருவம், கம்பியும் புதிது. நான் விசையை அமுக்க, மலை நிலையம் நிஜமாகவே கேட்டு நடந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, படம் பாதியில் இருக்கும்போது, மலையில் மழை. மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. கம்பியும் போனது, அது திரும்பி வரவில்லை. நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். திரை பதிலே சொல்லவில்லை. பொறியாளர் வீட்டுக்குப் போன் செய்தேன்.

“மழை விட்டதும் வரும்,” என்றார்.

“மழை விட்டாலும் யாராவது போய் எழுப்பணும் சார்.”

“ஆளில்லா நிலையத்துக்கு யார் போறது? காலையில பாக்கலாம்.”

அடிவாரத்தில் அவ்வளவு நேரம் யாரும் காத்திருக்கத் தயாராக இல்லை. இதை அவன் மனைவி பின்னால் எனக்குச் சொன்னாள். ஊரே அவன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

“என்னப்பா, கட் பண்ணிட்டயா? யாரு மேல கோவம்?”

“நான் இப்ப அதுல இல்லீங்க.”

“பின்ன யாரு இருக்கறா?”

“யாருமில்லீங்க. கம்ப்யூட்டரு.”

“ஏன்டா, ஆளில்லாம ஒரு டேசன் ஓடுதுன்னு எங்கிட்டயே சொல்றயா? ஏறு வண்டியில.”

ஒரு டெம்போவில் தூக்கிப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனார்கள். வழியில் இரண்டு அடியும் விழுந்தது. சாவி இல்லை என்றான். அவர்கள் கல்லால் பூட்டை உடைத்தார்கள். அவன் உள்ளே போய், சூடேற்றி, காத்திருந்து, ஆன் செய்தான். கீழே படம் வந்துவிட்டதாக விசில் கேட்டது. அடித்தவர்களே அவனைத் தோளில் தூக்கினார்கள். திரும்பி வந்தபோது வில்லன் சாகும் காட்சிதான் மிச்சம். ஆனாலும் டிவி வைத்திருந்த கடைக்காரர் அவனுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார். “அன்னிக்கி ராத்திரி முச்சூடும் தூங்கலீங்க சார், சந்தோசத்துல,” என்றாள் அவள்.

மறுநாள் பொறியாளருக்கு உடைந்த பூட்டுதான் தெரிந்தது. தொலைக்கட்டளை வேலை செய்யும் என்று சான்றிதழ் இருக்கிறது. வேலை செய்யும் அமைப்பு நின்றதென்றால் யாரோ கை வைத்திருக்க வேண்டும். அத்துமீறல் என்று மேலே எழுதினார். விசாரணை நடத்தச் சொல்லிப் பதில் வந்தது. திட்டத்தில் சம்பந்தப்பட்டவர் விசாரிக்கக் கூடாது என்று நான் விதியை எடுத்துக் காட்டினேன். அது ஏற்கப்பட்டது. பொறியாளருக்குப் பதிலாக, சம்பந்தமில்லாதவர் என்று, சான்றளித்த அதே அதிகாரியை அனுப்பினார்கள்.

கேஷுவல் விசாரணைக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். ஸ்குரூடிரைவர் இல்லை. முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“தினக்கூலி ஆளுக்கு விசாரணை கெடையாதாமுங்களே சார், நெசமா?”

“நிஜம்தான். நாளைக்கு வராதேன்னு சொன்னாப் போதும். ஸ்டாஃபுக்குத்தான் விசாரணை.”

“அப்ப எனக்கு விசாரணை வெச்சிருக்காங்கன்னா?” என்று நிறுத்தினான். பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தான். “நான் சொல்லல? மேல இருந்து வந்துருச்சு.”

இந்தத் தடவை அவளும் அவனை நம்பினாள். பூட்டு உடைந்ததாக மேலே புகார் போனதால் ஒப்புக்கு வைத்த விசாரணை அது, வேறொன்றுமில்லை என்றேன். இருவரும் என்னைப் பழைய அனுதாபத்தோடு பார்த்தார்கள்.

விசாரணை கட்டுப்பாட்டு அறையில்தான் நடந்தது. அலுவலகத்தில் அங்கேதான் குளிர்ச்சி. இந்த முறை அதிகாரி செருப்பில் வந்திருந்தார். எழுதும் பொறுப்பு எனக்கு.

“பூட்டை உடைச்சு உள்ளே போனது நீதானே?”

“ஊருக்காரங்க ஒடைச்சாங்க சார். ஆன் பண்ணது நான்.”

“என்ன கோளாறுன்னு பாக்காம எப்படி ஆன் பண்ணே?”

“கோளாறு ஒண்ணுமில்லீங்க சார். கரண்டு போயி வந்துச்சு. போயி வந்தா அது தானா எந்திரிக்காதுங்க. நாமதான் எழுப்பணும்.”

“அதைக் கம்ப்யூட்டர் செய்யும்.”

“செய்யாதுங்க சார்.”

“நான் என் கண்ணால பாத்தேன். இந்த நாற்காலியில உக்காந்து, என் கையால அமுக்கினேன்.”

“அது நாந்தாங்க சார்.”

பொறியாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவனுக்கோ பெருமை தாங்கவில்லை. தன் உழைப்பு கடைசியில் சரியான ஆளின் காதுக்குப் போய்விட்டது என்று நினைத்திருக்க வேண்டும். “ரெண்டு மணிக்கு ஆஃப் பண்ணதும் நாந்தாங்க. அஞ்சு நிமிசத்துல ஆன் பண்ணதும் நாந்தாங்க. நீங்க எதுவும் சிரமப்படவே இல்லீங்க சார்,” என்றான்.

அதிகாரி தன் ஆள்காட்டி விரலை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டார். “அதாவது, மேலதிகாரி முன்னால சோதனை நடக்கும்போது நீ உள்ளேயிருந்து ஸ்விட்சுல கை வெச்சிருக்கே.”

“ஆமாங்க சார்.”

“முன்னேயும் இப்படிச் செஞ்சிருக்கியா?”

“தெனமும் சார்.”

“கட் பண்ணிடுவேன்னு ஊர்ல சொல்றது உண்டா?”

“அது சும்மா, வெளையாட்டுக்குங்க.”

“உண்டா, இல்லையா?”

“உண்டுங்க.”

“எழுதிக்கோங்க,” என்றார் என்னிடம்.

கம்ப்யூட்டர் சோதனையன்று பயிற்சி நிலையில் இருந்தது, கம்பி அறுந்திருந்தது, அவனுக்கு நேரம் சொன்னவன் நான், சொல்லச் சொன்னவர் பொறியாளர் என்றேன். கேட்கும்போது சொன்னால் போதும் என்றார் அதிகாரி. கேட்கவில்லை. நான் அதையும் சேர்த்தே எழுதினேன். தட்டச்சாகி வந்தபோது, விசாரணைப் பொருளுக்குத் தொடர்பில்லை என்று அந்தப் பத்தி மட்டும் இல்லை. விதிப்படி அவருக்கு அந்த அதிகாரம் உண்டு.

சோதனையிலேயே குறுக்கிட்டவன், பின்னாலும் குறுக்கிட்டான், தன் வாயால் ஒப்புக்கொண்டான். இனி எந்தப் பணிக்கும் எடுக்கக் கூடாது என்று முடிவானது. உத்தரவை வாங்கி, தலைப்பில் தன் முழுப்பெயர் தட்டச்சு செய்திருப்பதை அவன் விரலால் தடவிப் பார்த்தான். எங்கள் அலுவலகம் அவனைப் பெயர் சொல்லி அழைத்தது அந்த ஒரு முறைதான்.

பொறியாளர் சென்னைக்குப் போனார். தொலைக்கட்டளை பற்றிப் பயிற்சி வகுப்பில் பாடம் எடுப்பதாகக் கேள்வி. மலை நிலையத்தில் இனி யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு நிரந்தரக் காவலர் தேவை என்று விசாரணை அறிக்கையே பரிந்துரைத்திருந்தது. இண்டூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக, ஓட்டுக் கூரை போட்ட குடியிருப்போடு வந்தார். பலகைக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்வார். கம்பி அறுந்த நாளில் கையால் ஆன் செய்வார். நானே மறுபடி மலையேறிக் கடிகாரத்தை ஒத்துவைத்துவிட்டு வந்தேன்.

அடிவாரத்தில், தோளில் தூக்கியவர்களே விசாரணை முடிவைக் கேட்டுவிட்டுப் பழைய ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் நினைவுபடுத்திக் கணக்குப் பார்த்தார்கள். எப்போதெல்லாம் படம் நின்றதோ அப்போதெல்லாம் அவன் யாரோடு சண்டை போட்டிருந்தான் என்று தெளிவாகத் தெரிந்தது. இருவரும் கம்பைநல்லூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவன் புளி மண்டியில் மூட்டை தூக்கினான்.

ஒருமுறை பஸ் மாறுவதற்காகக் கம்பைநல்லூரில் இறங்கியபோது மண்டிக்கு எதிர் டீக்கடையில் அவனைப் பார்த்தேன். அது ஞாயிற்றுக்கிழமை மாலை. கடை நிறையக் கூட்டம், டிவியில் படம். அவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கவனிக்கவில்லை. படம் ஒரு நடுங்கு நடுங்கி நின்றது. மற்றவர்கள் தலையைத் திருப்புவதற்குள் அவன் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய், சாலையோரத்தில், விளக்குக் கம்பத்துக்குக் கீழே, எல்லோருக்கும் தெரியும் இடத்தில் நின்றான். இரண்டு கையும் தொங்கவிட்டபடி.

“அவரு அப்பிடித்தானுங்க,” என்றார் டீக்கடைக்காரர் என்னிடம். “படம் நின்னா எந்திரிச்சுப் போயி அங்க நிப்பாரு. மொதல்ல ஒருவாட்டி, இவருதான் கட் பண்ணாருன்னு பசங்க அவரு மேல கை வெச்சுட்டானுங்க. அதிலிருந்து.”

கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. மலையில் அந்த இண்டூர்க் காவலர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க அவ்வளவு நேரம் ஆகும்.

“வந்துருச்சு, உள்ள வா கட் மாஸ்டரே,” என்று யாரோ கத்தினார்கள். கடை சிரித்தது. அவன் வந்து, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்தான்.